புதுக்கோட்டையிலிருந்து மேடை எவ்வளவு தூரம்?

கோடை விடுமுறை முடியும் நேரத்தில் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ஒரு குட்டிச் செய்தி வரும். 'மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மாணவர் சேர்க்கை.' கலெக்டர் அறிவிப்பு. ஏழெட்டு வரிதான். பக்கத்திலேயே ரேஷன் குறைதீர் முகாம், மின்தடை, நகைப் பறிப்பு என்று வரிசையாக இருப்பதால் பலர் கண்ணில் அது படுவதே இல்லை. இந்த வாரம் அந்த ஏழெட்டு வரியைக் கொஞ்சம் நின்று படிப்போம், வாங்க.

தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை 17 இடங்களில் மாவட்ட இசைப்பள்ளிகளை நடத்துகிறது. அதில் ஒன்று நம் புதுக்கோட்டையில். குரலிசை, நாகஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பிரிவுகள். மூன்று வருடப் படிப்பு. 12 வயது முதல் 25 வயது வரை சேரலாம். நாகஸ்வரம், தவில், தேவாரம் மூன்றுக்கும் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். மற்றவற்றுக்கு ஏழாம் வகுப்பு பாஸ். வருடக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். அதற்கு மேல் மாதாமாதம் ஒரு சின்ன உதவித்தொகை, பஸ் பாஸ்.

அதாவது அறந்தாங்கியிலோ பொன்னமராவதியிலோ கந்தர்வகோட்டையிலோ, சபா வாசலை மிதித்தே இராத ஒரு வீட்டின் பிள்ளை, முறையாக ஒரு ஆசிரியர் முன் உட்கார்ந்து ஆதி தாளத்தில் ஆரம்பிக்க முடியும். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இளம் கலைஞர்களை வளர்க்கும் அமைப்புகள் என்று கூகுளில் தேடினால் சென்னை, மும்பை, டெல்லி, கிளீவ்லாண்ட் என்று பெரிய பெயர்கள் வரும். ஆனால் அந்தப் பெரிய அமைப்புகள் எல்லாம், ஏற்கெனவே பாடத் தெரிந்த, வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்காகக் காத்திருப்பவை. 'அ'னா போட்டுக் கொடுப்பது இந்த மாதிரி இடங்கள்தான்.

சரி, மூன்று வருடம் முடிந்தது. கையில் சான்றிதழ். அடுத்து?

அங்கேதான் பாதை திடீரென்று ஒற்றையடிப் பாதையாகிவிடுகிறது. அதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், இந்த ஊருக்கும் இசைக்கும் என்ன உறவு என்று ஒரு சுற்று பார்த்துவிடலாம். உள்ளூர்க்காரர்களிலேயே பலருக்கு இது தெரியாது என்பது என் வருத்தம்.

பாறையில் எழுதிய பாடம்

புதுக்கோட்டை நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் குடுமியான்மலை. சிகாநாதசுவாமி கோயில். அங்கே குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறை முகத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. வழக்கமாகக் கல்வெட்டு என்றால் நிலம் கொடுத்தது, ஆடு கொடுத்தது, விளக்கெரிக்க நெய் கொடுத்தது என்றுதான் இருக்கும். இது முழுக்க ஸ்வரங்கள். ஏழு பகுதிகளாக, நான்கு நான்கு ஸ்வரக் கட்டுகளாகச் செதுக்கியிருக்கிறார்கள். எழுத்தை வைத்து ஏழாம் நூற்றாண்டு என்கிறார்கள். வெட்டியவர் மகேந்திரவர்ம பல்லவன் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஆய்வாளர்களில் சிலர் அதை ஏற்பதில்லை. ருத்ராசாரியர் என்ற ஆசிரியரிடம் படித்த, சிவபக்தனான ஓர் அரசன் என்றுதான் கல்வெட்டு சொல்கிறது.

என்னைப் பிடித்து இழுத்தது வேறு ஒரு விஷயம். எதற்காக இதைச் செய்தேன் என்று அந்த அரசன் கடைசியில் காரணம் சொல்கிறான். மாணவர்களின் நன்மைக்காகவாம். இசை படிக்கும் பிள்ளைகளுக்கு அரசாங்கச் செலவில் நோட்ஸ். அதுவும் மழையில் அழியாத நோட்ஸ்!

அங்கிருந்து ஆயிரத்து இருநூறு ஆண்டு தாண்டி, புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கு வருவோம். தொண்டைமான்கள் காலம். நவராத்திரி என்றால் அரண்மனையில் தசரா தர்பார். ஏழைகளுக்கு அரிசியோடு அம்மன் காசு கொடுத்த அதே விழாவில் கலைஞர்களுக்கும் சபை உண்டு. அந்த அரண்மனையில் விளக்கேற்றும் வேலையில் இருந்தவர் என்று சொல்லப்படுபவர்தான் மான்பூண்டியா பிள்ளை. தாள வித்தையைத் தவில்காரர் ஒருவரிடம் கற்றவர். அதுவரை பஜனை மடத்திலும் தெருவிலும் ஒலித்துக்கொண்டிருந்த சின்ன வாத்தியமான கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த பெருமை அவருக்குத்தான்.

உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் பெரிய பலாக்கட்டை வளையம், ஒரு பக்கம் தோல், ஓரத்தில் சலங்கைக் காசு. அவ்வளவுதான் கஞ்சிரா. இதை வைத்துக்கொண்டு பெரிய வித்வான்கள் பக்கத்தில் உட்கார்வதா என்று அந்தக் காலத்தில் முகம் சுளித்தவர்கள் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்தில் மிருதங்கத்தில் கொடிகட்டிப் பறந்த நாராயணசாமி அப்பா கேட்டுவிட்டு ஏற்றுக்கொண்டதும்தான் கதவு திறந்தது என்று இசை வரலாற்றில் சொல்வார்கள். ஒரு மூத்த கலைஞர் 'இவர் வாசிக்கட்டும்' என்று சொன்ன அந்த ஒரு சொல்தான் அன்றைய ஸ்காலர்ஷிப், அன்றைய யுவ விருது எல்லாம்.

மான்பூண்டியா பிள்ளையின் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை. 1875-ல் பிறந்து 1936-ல் மறைந்தவர். அரண்மனைக் காவல் பணியில் இருந்து வாத்தியத்துக்கு வந்தவர். மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் அவரை மிஞ்ச ஆளில்லை என்ற பெயர். இன்னொரு சீடர் பழனி முத்தையா பிள்ளை. அவருடைய மகன்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908-1962). பழனி என்று ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாலும், லயத்தைப் பொறுத்தவரை அவர் புதுக்கோட்டைக்காரர். இன்றைக்கும் மிருதங்க உலகில் 'புதுக்கோட்டை பாணி' என்று ஒன்று இருக்கிறது. கணக்கு வழக்கு நிறைந்த, தவிலின் நடை தெரிகிற வாசிப்பு.

பழனி சுப்பிரமணிய பிள்ளைக்கு ஒரு சிக்கல். அவர் இடது கைக்காரர்.

இதில் என்ன சிக்கல் என்று கேட்பீர்கள். மேடையில் பாடகரின் வலது பக்கம் மிருதங்கம், இடது பக்கம் வயலின். அப்படி உட்கார்ந்தால்தான் மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது கறுப்பு வட்டம் உள்ள கணீர் பக்கம், ரசிகர்களைப் பார்த்திருக்கும். இடது கைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்தால் ரவை ஒட்டிய தொப்பிப் பக்கம்தான் ரசிகர்களைப் பார்க்கும். அவரை இடம் மாற்றி உட்காரவைத்தால் வயலின்காரர் எழுந்து எதிர்ப்பக்கம் போக வேண்டும். போவார்களா? பல வயலின் வித்வான்கள் மறுத்தார்கள். இடது கைப் பழக்கம் என்பதால் பெற்ற தகப்பனாரே முதலில் தயங்கினாராம். அந்த நேரத்தில் இவருக்காக நின்றவர் செம்பை வைத்தியநாத பாகவதர். தன் கச்சேரிகளில் பழனியைத் தொடர்ந்து உட்காரவைத்தார். பாலக்காடு மணி ஐயரை இளம் வயதிலேயே மேடையேற்றியதும் இதே செம்பைதான். மிருதங்கத்தின் இரண்டு பெரும் பெயர்களுக்கும் பின்னால் ஒரே பாடகர்!

பழனியின் சீடர் திருச்சி சங்கரன் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தார். 2011-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். புதுக்கோட்டைத் தாளம் டொரன்டோ வரை போன கதை அது.

திருக்கோகர்ணத்தில் இன்னொருவர் இருந்தார். ரங்கநாயகி அம்மாள், 1910-ல் பிறந்தவர். தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் மிருதங்கம் கற்று மேடையேறினார். பெண் மிருதங்கம் வாசிப்பதா என்று ஊரே வாயைப் பிளந்திருக்கக்கூடிய காலம். மிருதங்கத்தில் அரங்கேறிய முதல் பெண்களில் ஒருவர் நம்ம ஊர்க்காரர் என்பதை, இசைப்பள்ளிக்குப் போகும் ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் யாராவது சொல்ல வேண்டும்.

இவர்களில் ஒருவருக்கும் விண்ணப்பப் படிவம் கிடையாது. சோறு போட்ட அரண்மனை இருந்தது, கற்றுக்கொடுத்த குரு இருந்தார், மேடையில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்த மூத்தவர் இருந்தார். 1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அரண்மனை போய்விட்டது. குரு, பள்ளிக்கூட ஆசிரியராக மாறினார். மூன்றாவதாகச் சொன்ன அந்த இடம் கொடுக்கும் வேலை என்ன ஆனது?

அந்த வேலை சென்னைக்குக் குடிபோனது

மதராஸில் 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டோடு ஓர் இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 1928-ல் மியூசிக் அகாடமி. அடுத்தடுத்து இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி, தமிழ் இசைச் சங்கம், கிருஷ்ண கான சபா, நாரத கான சபா என்று வரிசையாக வந்தன. ராஜா இருந்த இடத்தில் சபா செகரட்டரி வந்து உட்கார்ந்தார்.

சபாக்கள் இளம் கலைஞர்களுக்கு இடம் தருகின்றன, இல்லை என்று சொல்ல முடியாது. டிசம்பர் சீசனில் காலையும் மதியமும் நடக்கும் கச்சேரிகள் பெரும்பாலும் வளரும் கலைஞர்களுக்கானவை. பெரிய சபாக்களில்கூட அந்த நேரத்துக்கு டிக்கெட் கிடையாது, யாரும் போய் உட்காரலாம். மியூசிக் அகாடமி, சீசன் இல்லாத மாதங்களிலும் இளைஞர்களுக்கென்றே 'ஸ்பிரிட் ஆஃப் யூத்' என்ற தொடரை நடத்துகிறது. உயர்நிலைப் பயிற்சிக்கென்று ஒரு பள்ளியும் வைத்திருக்கிறது. என் ஒரே புகார், மதியக் கச்சேரி நேரத்தில் அரங்கத்தைவிட கேன்டீனில்தான் கூட்டம் அதிகம். ரவா தோசை மேல் குற்றம் சொல்ல மாட்டேன்.

எனக்குப் பிடித்த கதை 1985-ல் நடந்தது. கல்லூரிப் பருவத்திலும் அதற்குக் கீழேயும் இருந்த சென்னை இளைஞர்கள் சேர்ந்து 'யூத் அசோசியேஷன் ஃபார் கிளாசிக்கல் மியூசிக்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெரியவர்கள் கூப்பிடும்வரை காத்திருக்காமல், தங்கள் வயதுக்காரர்களுக்குத் தாங்களே மேடை போட்டுக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களின் பெயர்களைப் பாருங்கள்: விஜய் சிவா, உன்னிகிருஷ்ணன், சஞ்சய் சுப்ரமணியன், பாம்பே ஜெயஸ்ரீ, டி.எம்.கிருஷ்ணா. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு கர்னாடக இசையின் முதல் வரிசை இவர்களால்தான் நிரம்பியது. வாட்ஸ்அப் குரூப் இல்லாத காலத்தில், போஸ்ட் கார்டு போட்டு நடத்திய அமைப்பு.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இடம் தருவதற்கு இளம் கலைஞரின் வீட்டிலேயே 'டொனேஷன்' கேட்பது, ஸ்பான்சரைப் பிடித்து வா என்பது, இத்தனை டிக்கெட் விற்றுக்கொடு என்பது, இதெல்லாம் இசை உலகத்தில் ஊரறிந்த ரகசியம். எல்லா சபாவும் அப்படி இல்லை. ஆனாலும் பேச்சு பல வருடங்களாக அடங்கவில்லை. வசதியுள்ள வீட்டுக்கு அது ஒரு செலவுக் கணக்கு. வசதியில்லாத வீட்டுக்கு அது பூட்டிய கதவு.

இப்போது நம் இசைப்பள்ளிப் பிள்ளையைக் கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். ஆலங்குடிப் பக்கம் ஒரு கிராமம். வயது பத்தொன்பது. மிருதங்கம். சென்னையில் எப்படியோ ஒரு மதியக் கச்சேரி கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். புதுக்கோட்டையிலிருந்து சென்னை கிட்டத்தட்ட 390 கிலோமீட்டர். காலையில் பல்லவன் எக்ஸ்பிரஸைப் பிடித்தால் எழும்பூரில் இறங்கும்போதே உச்சி வெயில் வந்துவிடும், 12 மணிக் கச்சேரி கதை முடிந்தது. (குடுமியான்மலையையும் பல்லவனையும் முடிச்சுப் போட்டது போதும் என்று நினைத்தேன், ரயிலும் விடவில்லை.) ஆகவே முந்தைய நாளே கிளம்ப வேண்டும். தங்க இடம் வேண்டும். மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும், மேலே லக்கேஜ் ரேக்கில் போட முடியாது. கச்சேரிக்கு முன் ஒரு தரம் மூட்டுச் சரியாக இருக்கிறதா, வார் இறுக்கமாக இருக்கிறதா என்று ஆள் பார்க்க வேண்டும். மூட்டு மாற்றுவது என்றால் அது தனிச் செலவு. நல்ல வேலைக்காரர்கள் எல்லா ஊரிலும் கிடையாது. மேடையில் கிடைக்கும் சன்மானத்தைவிட இந்தச் செலவு அதிகம். இரண்டு முறை போவான். மூன்றாவது முறை, அப்பா வேண்டாம் என்பார்.

அப்பா மேல் தப்பில்லை.

இதில் பக்கவாத்தியக்காரர்களுக்கு இன்னொரு கஷ்டம். பாடுகிறவருக்கு வாய்ப்புத் தரும் திட்டங்கள் நிறைய. அவருக்குப் பக்கத்தில் உட்கார்கிறவர் யார் என்பதைப் பாடகரோ சபாவோ முடிவு செய்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த மிருதங்கக்காரர் மயிலாப்பூரிலேயே, மாம்பலத்திலேயே இருப்பார். இத்தனை மேதைகளைத் தாள வாத்தியத்தில் கொடுத்த ஊருக்கு, இதுவே பெரிய அடி.

நாகஸ்வரம், தவில் படித்த பிள்ளைகள் கதை கொஞ்சம் வேறு. அவர்களுக்குச் சென்னை சபாவே தேவையில்லை. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று சொந்த ஊரிலேயே சம்பாதிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் இப்போது கல்யாண மண்டபங்களில் செண்டை மேளமும் டிஜே பெட்டியும் வந்து உட்கார்ந்துவிட்டன. தாலி கட்டும் அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் 'கெட்டி மேளம்' கேட்கிறோம். ரீல்ஸுக்குச் செண்டைதான் எடுப்பாக இருக்கிறதாம். என்ன சொல்ல?

அரசாங்கத்தின் படிக்கட்டு

நல்லவேளையாக, அரசுத் தரப்பில் சில படிகள் இருக்கின்றன. பலருக்குத் தெரியாமலேயே இருப்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிள்ளைக்கு 10 முதல் 14 வயது என்றால், மத்தியக் கலாசார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் சி.சி.ஆர்.டி. என்ற மையத்தின் கலைத்திறன் தேடல் உதவித்தொகை இருக்கிறது. தொகை பெரிதில்லை. ஆனால் வருடா வருடம் புதுப்பித்துப் பல ஆண்டுகள் தொடரலாம் என்பதால் இதை விடக் கூடாது. 18 முதல் 25 வயது என்றால் அதே மையம் நடத்தும் இளம் கலைஞர் உதவித்தொகை. இரண்டு வருடத்துக்கு மாதம் 5,000 ரூபாய். ஒரு குருவிடம் மேற்பயிற்சி பெறுவதற்கு. நம் ஆலங்குடிப் பிள்ளைக்குக் கச்சிதமாகப் பொருந்துவது இதுதான். இதில் போட்டி கடுமை, நாடு முழுவதிலுமிருந்து விண்ணப்பம் வரும். தேர்வுக்கு நேரில் போய் வாசித்துக் காட்ட வேண்டும்.

மாநில அளவில், மாவட்டக் கலை மன்றம் விருது கொடுக்கிறது. 18 வயதுக்குள் 'கலை இளமணி', 19 முதல் 35 வரை 'கலை வளர்மணி'. முன்னதுக்கு 4,000 ரூபாய், பின்னதுக்கு 6,000 ரூபாய் என்ற அளவில்தான் பணமுடிப்பு. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்துக்கு இளம் கலைஞர்களுக்குக் கச்சேரி வாய்ப்புத் தரும் திட்டம் இருக்கிறது. வசதியில்லாத கலைஞர்கள் வாத்தியம் வாங்க நிதியுதவியும் மன்றத்தில் கேட்கலாம். தேசிய அளவில் சங்கீத நாடக அகாடமியின் உஸ்தாத் பிஸ்மில்லா கான் யுவ புரஸ்கார், 25,000 ரூபாய். இது 40 வயதுக்குள் பெயர் வாங்கியவர்களுக்கு. ஆக, 'யுவ' என்றாலும் அது படிக்கட்டின் மேல்படி.

என் கணக்கில், இவை எல்லாவற்றையும்விடப் பழைய, நம்பகமான படி ஒன்று 55 கிலோமீட்டரில் இருக்கிறது. திருச்சி வானொலி. 1939 மே 16-ல் தொடங்கியது. அங்கே குரல்தேர்வு என்பது பெயர், முகம், சிபாரிசு எதுவும் பார்க்காமல் வாசிப்பை மட்டும் கேட்டு கிரேடு போடுவது. 'பி', 'பி ஹை', 'ஏ', 'டாப்' என்று ஏறும். கிரேடு கிடைத்தால் ஒலிபரப்பும், அதற்குச் சன்மானமும். 'ஆல் இந்தியா ரேடியோ கிரேடு கலைஞர்' என்று அழைப்பிதழில் போட்டுக்கொள்வதற்கு இன்றும் கிராமத்துத் திருவிழாக் கமிட்டி வரை மதிப்பு உண்டு. யூடியூப் காலத்தில் ரேடியோவா என்று சிரிக்காதீர்கள். யூடியூபில் சப்ஸ்கிரைபர் எண்ணிக்கை தெரியும்; வாசிப்பு தேறியதா என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதே திருச்சியில் ரசிக ரஞ்சன சபா. 1914-ல் எஃப்.ஜி.நடேச ஐயர் தொடங்கியது. நூறு வருடம் தாண்டிய சபா பக்கத்திலேயே இருக்கிறது என்பது நமக்கு ஒரு பலம். மேலே படிக்க நினைப்பவர்களுக்கு மதுரையிலும் திருவையாற்றிலும் அரசு இசைக் கல்லூரிகள் உள்ளன. அந்தத் திருவையாற்றில்தான் ஒவ்வொரு வருடமும் தியாகராஜ ஆராதனை. பெரிய வித்வான்களும் புதிதாக வருபவர்களும் ஒரே பந்தலில் பாட, வாசிக்க வாய்ப்புள்ள இடம் அது. நேரம் சில நிமிடங்கள்தான். அதற்காகவே வருடம் முழுக்கச் சாதகம் செய்பவர்கள் உண்டு.

ஆக, படிகள் இருக்கின்றன. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில்தான் கால் எட்டவில்லை.

வெளிநாட்டில் இதே சிக்கலுக்கு என்ன செய்தார்கள்? நியூயார்க்கில் 'யங் கன்சர்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்ற அமைப்பு 1961 முதல் இருக்கிறது. தேர்வு வைத்து இளம் கலைஞர்களை எடுப்பார்கள். எடுத்தபின் கேடயம் கொடுத்து அனுப்பிவிடுவதில்லை. சில ஆண்டுகளுக்கு அவர்களுக்குக் கச்சேரி பிடித்துத் தருவது, விளம்பரம் செய்வது, மேலாளராக இருப்பது எல்லாம் அமைப்பின் வேலை. பிரிட்டனில் பிபிசி 1999-ல் தொடங்கிய 'நியூ ஜெனரேஷன் ஆர்ட்டிஸ்ட்ஸ்' திட்டமும் இதே மாதிரி. வருடத்துக்கு ஆறேழு பேர்தான், ஆனால் இரண்டு வருடம் கூடவே நடப்பார்கள்: ஒலிப்பதிவு, விழா மேடை, பெரிய இசைக்குழுவோடு வாசிக்கும் வாய்ப்பு. இந்தியாவிலேயே கொல்கத்தாவில் 1977 முதல் ஐ.டி.சி. சங்கீத ரிசர்ச் அகாடமி இந்துஸ்தானி இசைக்கு ஒரு குருகுலத்தை நடத்துகிறது. குருவும் சீடரும் ஒரே வளாகத்தில் குடியிருப்பு, சீடருக்கு உதவித்தொகை. பசி பற்றி யோசிக்காமல் சாதகம் செய்யலாம்.

நாம் பெரும்பாலும் விருது கொடுக்கிறோம். விருது என்றால் ஒரு நாள், ஒரு சால்வை, ஒரு போட்டோ. அதையும் பல சமயம் ரொம்பத் தாமதமாகக் கொடுக்கிறோம். விராலிமலை முத்துக்கண்ணம்மாள் நம் மாவட்டத்தின் சொத்து. விராலிமலை முருகன் கோயிலில் சதிர் ஆடிய மரபின் கடைசிக் கண்ணி. 2022-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அப்போது அவருக்கு 80 வயது தாண்டிவிட்டது. சந்தோஷமான செய்திதான், எங்கள் தளங்களில் எல்லாம் அன்று அவர் படம்தான். ஆனால் இளமையில் அவரிடம் வந்து சேர வேண்டிய சீடர்களும் மேடைகளும் வந்திருந்தால், 'கடைசிக் கண்ணி' என்ற சொல்லே தேவைப்பட்டிருக்காது இல்லையா?

பணம் நம்ம ஊரிலேயே இருக்கிறது

'கவர்மென்ட் செய்ய வேண்டும்' என்று இந்த இடத்தில் முடித்துவிடலாம். எனக்கு அதில் மனசில்லை. ஏனென்றால் புதுக்கோட்டை மாவட்டத்தில் திருவிழாவுக்குப் பஞ்சமே கிடையாது. நார்த்தாமலை முத்துமாரியம்மன், திருவப்பூர் முத்துமாரியம்மன், திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், விராலிமலை முருகன் என்று பெரிய பட்டியல். இவை தவிர ஊருக்கு ஊர் காப்புக் கட்டு, தேரோட்டம், மண்டகப்படி. ஒவ்வொன்றிலும் ராத்திரி கலைநிகழ்ச்சி. இன்னிசைக் குழு, பட்டிமன்றம், நாடகம். இவற்றில் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. வள்ளி திருமணம் நாடகத்தை நிறுத்தச் சொன்னால் எங்கள் வீட்டிலேயே என்னைச் சேர்க்க மாட்டார்கள்.

ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் பெரிய நிகழ்ச்சி தொடங்கும். மேடை, மைக் செட், லைட் எல்லாம் சாயங்காலமே தயார். ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை அந்த மேடையில் ஸ்பீக்கர் சினிமாப் பாட்டு போட்டுக்கொண்டிருக்கும். அந்த ஒரு மணி நேரம்தான் நான் கேட்பது. இசைப்பள்ளியில் படித்த, படிக்கிற ஒரு குழு: ஒரு குரல், ஒரு வயலின், ஒரு மிருதங்கம், முடிந்தால் ஒரு கஞ்சிரா. (கஞ்சிராவுக்கு உடும்புத் தோல்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடும்பு, வன உயிரினச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர். ஆட்டுத் தோலிலும் செயற்கைத் தோலிலும் இப்போது நன்றாகவே செய்கிறார்கள்.)

இப்படி வருடத்துக்குப் பத்துப் பதினைந்து மேடை கிடைத்தால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கும் தெரியுமா? தப்பு நடக்கும். ஸ்ருதி விலகும், தாளம் தடுமாறும், மைக் கத்தும், முன்வரிசையில் குழந்தை அழும். அதையெல்லாம் சமாளித்து வாசிக்கப் பழகுவார்கள். திருச்சி வானொலியின் குரல்தேர்வு அறைக்குள் அதன்பிறகு போனால் கை நடுங்காது. சென்னைப் பிள்ளைகளுக்கு அந்த ஊர் சபாக்கள் கொடுப்பது இந்தப் பழக்கத்தைத்தான்.

நம் ஊர் பாரம்பரியத்தை மறக்காதவர்களும் இருக்கிறார்கள். விமர்சகர் லலிதாராம், பழனி சுப்பிரமணிய பிள்ளையின் வாழ்க்கையை 'துருவ நட்சத்திரம்' என்ற பெயரில் தமிழில் புத்தகமாக எழுதியிருக்கிறார். அவர் முன்னின்று நடத்தும் அமைப்பின் பெயர் 'பரிவாதினி'. அது ஒரு பழைய வீணை வகை. புதுக்கோட்டை வட்டாரத்துக் குடைவரைக் கோயில் கல்வெட்டுகளில் வருகிற சொல்! கச்சேரிகளை இணையத்தில் நேரலையாகத் தருவதோடு, வாத்தியம் செய்பவர்களுக்கும் விருது தருகிறார்கள். அந்த விருது, மணி ஐயருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்து பெயரில். தோலை இழுத்துக் கட்டுகிறவரையும் கலைஞராக நினைக்கும் அமைப்புகள் ரொம்பக் குறைவு.

பள்ளிக்கல்வித் துறை 2022 முதல் நடத்தும் கலைத் திருவிழாவில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று பாடி வாசித்து ஜெயிக்கிறார்கள். 'கலையரசன்', 'கலையரசி' பட்டம் வாங்குகிறார்கள். ஜெயித்த பிள்ளைக்கு மறுநாள் காலை எந்த ஆசிரியரிடம் போவது என்று சொல்ல ஒருவர் வேண்டும். உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், இசைப்பள்ளியின் வாசல் வரை கூட்டிக்கொண்டு போய் விடுங்கள். சேர்க்கை பெரும்பாலும் கோடை விடுமுறை முடியும் நேரத்தில். வயதுச் சான்று, மாற்றுச் சான்றிதழ், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை விதிகளும் தேதிகளும் அவ்வப்போது மாறும் என்பதால், விண்ணப்பம் போடும் முன் அந்தந்தத் துறையின் இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். விண்ணப்பப் படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். நிரப்பிக் கொடுக்க உங்கள் வீட்டுக் கல்லூரிப் பிள்ளைக்குப் பத்து நிமிடம் ஆகும்.

திருவிழாக் கமிட்டியில் இருப்பவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், நோட்டீஸ் அச்சடிக்கக் கொடுக்கும் முன் இசைப்பள்ளிக்கு ஒரு போன் போடுங்கள். பேசும்போதே பஸ் காசு, ராத்திரிச் சாப்பாடு, மிருதங்கத்துக்கு மூட்டு மாற்றும் செலவு மூன்றையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். பிள்ளைகள் வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள்.